தியாகராய நகரில் தெரு மறுவடிவமைப்பும் வாகன நிறுத்தமும்

தியாகராய நகர் (தி. நகர்) சென்னை மாநகரின் நடுப்பகுதிக்கு அருகில் அமைந்துள்ள குடியிருப்பும் வணிகமும் கலந்த பகுதி ஆகும். இங்குள்ள தியாகராய சாலை பொதுமக்களால் பாண்டி பஜார் என அழைக்கப்படுகிறது. இச்சாலையின் ஒரு பகுதி, 2019-ஆம் ஆண்டில் அகன்ற நடைபாதைகளைக் கொண்ட நடைபாதை வளாகமாக மறுவடிவமைக்கப்பட்டது. சாலையோரத்தில் நிறுத்தப்பட்டு வந்த வாகனங்களுக்கு மாற்றாக, அருகில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்றும் கட்டப்பட்டது. பழைய நகர்ப்பகுதி ஒன்றைப் புதுப்பிக்கும்போது வாகன நிறுத்தம் எவ்வாறு மையச் சிக்கலாகிறது என்பதை விளக்குவதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

சாலையின் விளிம்பு பொது நிலம் ஆகும். அதில் நடப்போர், பேருந்துக்குக் காத்திருப்போர், தெரு வணிகர், மரங்கள், நிறுத்தப்பட்ட வாகனங்கள் ஆகிய அனைத்துக்கும் ஒருங்கே இடம் இருப்பதில்லை. ஆகவே வாகன நிறுத்தம் என்பது அடிப்படையில், பொது நிலத்தை யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, என்ன விலைக்கு ஒதுக்குவது என்னும் வினாவாகும்.

அடிப்படைக் கருத்துகள்

நகர வடிவமைப்பு என்பது தனித்தனிக் கட்டடங்களை வடிவமைப்பதிலிருந்து வேறுபட்டது. கட்டடங்களுக்கு இடையில் உள்ள தெருக்கள், சதுக்கங்கள், பூங்காக்கள் முதலிய பொது வெளிகளின் அமைப்பையும் பயன்பாட்டையும் பற்றியது அது. வாகன நிறுத்தம் இவ்வடிவமைப்பில் மூன்று வகையாக இடம்பெறுகிறது.

சாலையோர நிறுத்தம்: பொதுச் சாலையின் ஓரத்தில் வாகனங்களை நிறுத்துவது. இதற்கு உள்ளாட்சி அமைப்பு கட்டணம் விதிக்கலாம். நேர வரம்பும் விதிக்கலாம்.

சாலைக்கு வெளியிலான பொது நிறுத்தம்: திறந்தவெளி நிறுத்தகங்களும் பல அடுக்கு நிறுத்தகங்களும் இவ்வகையின.

கட்டட வளாக நிறுத்தம்: கடை, அலுவலகம், குடியிருப்பு ஆகியவற்றின் உரிமையாளர் தம் மனைக்குள்ளேயே ஏற்படுத்த வேண்டிய நிறுத்தம். இதன் அளவைக் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்துவன.

ஒரு மகிழுந்தை (கார்) நிறுத்துவதற்குரிய இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உடையது, அதாவது 12.5 சதுர மீட்டர். ஆயினும் வண்டி உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் வழி தேவைப்படுவதால், நிறுத்தகங்களில் உண்மையில் செலவாகும் பரப்பு இதைவிட மிகுதி. தில்லியின் 2021-ஆம் ஆண்டுக்கான முதன்மைத் திட்டம் ஒரு மகிழுந்துக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டரும், கட்டடத்தின் தரைத்தள நிறுத்தத்தில் 28 சதுர மீட்டரும், நிலத்தடித் தளத்தில் 32 சதுர மீட்டரும் எனக் கணக்கிடுகிறது. இது ஒரு சிறிய குடும்பம் வாழும் ஒற்றையறை வீட்டின் பரப்பை ஒத்தது என்பது நோக்கத்தக்கது.

தியாகராய நகரின் பின்னணி

குடியிருப்பாகத் தோற்றம்

இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி முன்பு ஏரி நிலமாக இருந்தது. நெடுந்தொலைவு பரந்திருந்த நீண்ட ஏரியை வற்றச் செய்து, 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது இக்குடியிருப்பு உருவாக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தை அடுத்து மேற்கொள்ளப்பட்ட தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் இப்பகுதிக்குச் சூட்டப்பட்டது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு இடப்பட்டது. பூங்காவை மையமாகக் கொண்டு முதன்மைச் சாலைகள் பல திசைகளிலும் பிரிந்து செல்லும் வகையில் தெருக்கள் அமைக்கப்பட்டன.

பாண்டி பஜார் என்னும் பெயர் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாருடன் தொடர்புபடுத்தப்படுகிறது. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது இதன் முழுப் பெயராக வழங்குகிறது.

இத்திட்டம் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளுக்காகத் தீட்டப்பட்டது. மகிழுந்து அக்காலத்தில் செல்வந்தர் சிலரிடம் மட்டுமே இருந்தது. அவற்றை வீட்டு வளாகத்துக்குள் நிறுத்த இடம் இருந்தது. ஆதலால் தெருவோரத்தில் வாகனங்கள் நாள் முழுதும் நிற்கும் நிலையை இத்திட்டம் கருதியிருக்கவில்லை.

வணிகப் பகுதியாக மாற்றம்

மாம்பலம் தொடருந்து நிலையமும், 1931-இல் மின்மயமாக்கப்பட்ட கடற்கரை - தாம்பரம் புறநகர்த் தொடருந்துப் பாதையும் இப்பகுதியின் வணிக வளர்ச்சிக்குத் துணை நின்றன. பின்னர் ஏற்பட்ட மாநகரப் பேருந்து நிலையமும் வாடிக்கையாளர்களைக் கொண்டு சேர்த்தது. பட்டுப் புடவை, நகை, பாத்திரம், ஆயத்த ஆடை ஆகியவற்றை விற்கும் கடைகள் உசுமான் சாலையிலும் அரங்கநாதன் தெருவிலும் பெருகின. வீட்டு மனைகளில் பல மாடிக் கடைகள் எழுந்தன. தீபாவளி, பொங்கல் காலங்களிலும் ஆடித் தள்ளுபடிக் காலத்திலும் அரங்கநாதன் தெருவில் மக்கள் நெருக்கம் மிகுதியாகக் காணப்படும். அங்கு வருவோரில் பெரும்பாலோர் தொடருந்திலும் பேருந்திலும் வந்து நடந்து செல்பவர்கள்.

இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி கட்டட விதிகளைப் பின்பற்றி நடக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட உயரத்தை மீறியும், மனையைச் சுற்றி விட வேண்டிய வெளியை விடாமலும், வாகன நிறுத்தத்துக்கெனக் காட்டப்பட்ட நிலத்தடித் தளத்தைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றியும் கட்டடங்கள் எழுந்தன. 2011 அக்டோபர் இறுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இப்பகுதியின் பல வணிகக் கட்டடங்களுக்கு முத்திரையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2012-இல் கடைகள் தற்காலிகமாகத் திறக்கப்பட்டன. 2017 மே 31 அன்று உசுமான் சாலையில் இருந்த பெரிய துணிக்கடை ஒன்றில் தீப்பற்றி, கட்டடம் முழுதும் எரிந்து பின்னர் இடிக்கப்பட்டது. கட்டடத்தைச் சுற்றிய வெளியும், அடைபடாத சாலையும் அழகுக்காக மட்டும் கேட்கப்படுவன அல்ல என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நிறுத்தச் சிக்கலின் இயல்பு

இடக் கணக்கு

700 மீட்டர் நீளமுள்ள ஒரு கடைத்தெருவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இருபுறமும் மகிழுந்துகள் வரிசையாக நிறுத்தப்பட்டால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் வீதம் 5 மீட்டர் அகலம் செலவாகும். மொத்தப் பரப்பு 3,500 சதுர மீட்டர். சென்னை வழக்கில் சொன்னால் 15 கிரவுண்டுக்கும் மேல். இவ்வளவு நிலத்தில் நிற்கக்கூடிய மகிழுந்துகள், வாயில்களும் தெருமுனைகளும் போக, 200-ஐத் தாண்டா. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் நின்று, ஒவ்வொன்றிலும் இருவர் வந்ததாகக் கொண்டால், பத்து மணி நேர வணிக நாளில் 2,000 பேர் இந்நிலத்தைப் பயன்படுத்துகின்றனர்.

அதே நிலம் நடைபாதையாக இருந்தால், ஒரு பக்கத்து நடைபாதையில் மட்டும் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தடையின்றி நடக்க இயலும். நாள் முழுதும் மகிழுந்தில் வருவோரின் எண்ணிக்கை, நடைபாதையின் ஓரிரு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஈடாகிறது. மக்கள் பெருமளவில் பொதுப் போக்குவரத்தில் வரும் கடைத்தெருவில் இவ்வேறுபாடு முதன்மையானது.

இடம் தேடி அலைதல்

சாலையோர நிறுத்தம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும்போது, அவ்விடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். அவற்றை முதலில் பிடிப்போர் பெரும்பாலும் கடைக்காரரும் ஊழியருமே. அவர்களது வண்டி இரவு வரை நகராது. பின்னர் வரும் வாடிக்கையாளர் இடம் தேடித் தெருவைச் சுற்றி வருகிறார். இவ்வாறு சுற்றும் வாகனங்களே நெரிசலின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க நகரமைப்புப் பேராசிரியர் டொனால்டு சூப் (1938-2025). ஒவ்வொரு தெருவிலும் எப்போதும் ஓரிரு இடங்கள் காலியாக இருக்கும் வகையில், அதாவது ஏறத்தாழ 85 விழுக்காடு இடங்கள் மட்டும் நிரம்பும் வகையில், கட்டணத்தை நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அமைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

குறைந்தபட்ச நிறுத்த விதி

புதிய கட்டடம் ஒவ்வொன்றும் தன் பரப்புக்கேற்ப இத்தனை வாகனங்களுக்கு இடம் தரவேண்டும் என்னும் விதி உலகின் பல நகரங்களில் உண்டு. அமெரிக்காவின் கொலம்பசு நகரம் 1923-இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இத்தகைய விதியை ஏற்படுத்தியது. தேவையை உண்டாக்குபவரே இடத்தையும் தரவேண்டும் என்பது இவ்விதியின் நியாயம்.

ஆனால் பழைய பகுதிகளில் இவ்விதி எதிர்பாராத விளைவுகளைத் தருகிறது. சிறிய மனையில் கடை கட்டுபவரால் விதிப்படி இடம் தர இயலாது. அவர் விதியை மீறுகிறார் அல்லது மனையைப் பெருநிறுவனத்துக்கு விற்றுவிடுகிறார். விதிப்படி கட்டுபவரின் தரைத்தளம், கடைகளுக்குப் பதிலாகத் தூண்களும் வண்டிகளும் நிற்கும் இருண்ட இடமாகிறது. தெருவின் உயிரோட்டம் குறைகிறது. செலவு பொருளின் விலையிலும் வாடகையிலும் சேர்கிறது. பேருந்தில் வந்து புடவை வாங்குபவரும் மகிழுந்து நிறுத்தத்துக்கான செலவில் பங்கு தருகிறார் என்பதே இதன் பொருள்.

பாண்டி பஜார் மறுவடிவமைப்பு

கொள்கைப் பின்னணி

2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைவிட மக்களின் நகர்வுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்றது. நகர நிலம் மதிப்பு மிக்கது. நிறுத்தக் கட்டணம் அம்மதிப்பைக் காட்ட வேண்டும் என்றும் அது கூறியது. சென்னை மாநகராட்சி 2014-இல் இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, தன் போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுநருக்கும் உரிய பணிகளுக்குச் செலவிடும் நோக்கத்தை அறிவித்தது.

2016 சனவரியில் அறிவிக்கப்பட்ட திறன்மிகு நகரங்கள் திட்டத்தின் முதல் 20 நகரங்களுள் சென்னை இடம்பெற்றது. இத்திட்டத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதியை முழுமையாக மேம்படுத்தும் கூறுக்குத் தியாகராய நகர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாண்டி பஜார் பணிகள் இதன் கீழ் நடைபெற்றன.

வடிவமைப்பு

பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரை ஏறத்தாழ 700 மீட்டர் தொலைவு முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கட்டுமானத்துக்கு முன்னர், தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகையும் பார்க்கப்பட்டது. ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த வளாகத்தை 2019 நவம்பர் 13 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி திறந்து வைத்தார்.

இங்கு வாகனப் போக்குவரத்து முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. வாகனங்கள் ஓடும் பகுதி ஒடுக்கப்பட்டு, இருபுறமும் நடைபாதை பன்மடங்கு அகலப்படுத்தப்பட்டது. ஏற்கனவே இருந்த நிழல் மரங்கள் அப்படியே விடப்பட்டு, அவற்றைச் சுற்றி இருக்கைகள் அமைக்கப்பட்டன. சிறுவர் விளையாட்டுச் சாதனங்களும் வைக்கப்பட்டன. வண்டிகள் நடைபாதையில் ஏறாதிருக்கக் குறுந்தூண்கள் நடப்பட்டன. இக்குறுந்தூண்கள் சிறியவையாகத் தோன்றினும் முக்கியமானவை. அவை இல்லாத அகன்ற நடைபாதை, சென்னை போன்ற நகரில் இரு சக்கர வாகன நிறுத்தமாக மாற அதிக நாள் ஆகாது.

பல அடுக்கு நிறுத்தகம்

சாலையோரத்திலிருந்து நீக்கப்பட்ட இடங்களுக்கு ஈடாகத் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்தகம் எழுப்பப்பட்டு, 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் கொள்ளளவு 222 மகிழுந்துகளும் 513 இரு சக்கர வாகனங்களும் ஆகும். இதற்கும் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவாயிற்று.

நான்கு இரு சக்கர வாகனங்களை ஒரு மகிழுந்துக்குச் சமமாகக் கொண்டால், இந்நிறுத்தகம் ஏறத்தாழ 350 மகிழுந்து இடங்களுக்கு நிகரானது. ஓர் இடத்துக்கான கட்டுமானச் செலவு, நிலத்தின் மதிப்பைச் சேர்க்காமலே, 11 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்க் கட்டணத்தில் ஒவ்வோர் இடமும் நாள்தோறும் 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் நிரம்பியிருப்பதாகக் கொண்டாலும், ஆண்டு வருவாய் 60,000 ரூபாய்தான். வட்டியும் பராமரிப்பும் நீங்கலாகவே, முதலை மீட்க ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும். இடங்கள் பாதியே நிரம்பினால் இக்காலம் இரட்டிப்பாகும். ஆகவே பல அடுக்கு நிறுத்தகம் எங்கு கட்டப்பட்டாலும், வாகன உரிமையாளருக்குப் பொதுப் பணத்திலிருந்து வழங்கப்படும் ஒருவகை மானியமாகவே அது அமைகிறது. அதற்கு ஈடாகத் தெருவில் உண்மையாகவே இடம் மீட்கப்பட்டால் மட்டுமே அம்மானியத்துக்குப் பொதுப் பயன் உண்டு.

சாலையோரக் கட்டணம்

மாநகராட்சி 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பல சாலைகளில் செயலி வழியாகக் கட்டணம் பெறும் முறையை அறிமுகப்படுத்தியது. மகிழுந்துக்கு மணிக்கு 20 ரூபாயும், இரு சக்கர வாகனத்துக்கு 5 ரூபாயும் பொதுவான கட்டணமாக இருந்தன. இம்முறையின் வெற்றி, கட்டணச் சாலையை அடுத்துள்ள குறுக்குத் தெருக்களையும் கண்காணிப்பதைப் பொறுத்தது. முதன்மைச் சாலையில் கட்டணமும் பக்கத்துத் தெருவில் இலவசமும் இருந்தால், வண்டிகள் பக்கத்துத் தெருவுக்கே செல்லும். அடுக்கு நிறுத்தகமும் காலியாக இருக்கும்.

பொதுப் போக்குவரத்து இணைப்பு

2023 மே 16 அன்று மாம்பலம் தொடருந்து நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலத்தை முதலமைச்சர் மு. க. இசுடாலின் திறந்து வைத்தார். இதன் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை அமையும் மெட்ரோ தொடருந்துத் தடத்தில் பனகல் பூங்கா ஒரு நிலத்தடி நிலையம் ஆகும். வாகனத்தை விட்டுவிட்டு வருவதற்கு வழி இருக்கும்போதுதான் நிறுத்தக் கட்டுப்பாட்டை மக்கள் ஏற்பர் என்பதால், இவை தெரு மறுவடிவமைப்பின் பகுதிகளாகவே கருதத்தக்கவை.

பல்வேறு தரப்பினரின் நிலை

வணிகர்: வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வேறு இடம் செல்வர் என்பது கடைக்காரரின் பொதுவான அச்சம். நகை, பட்டு போன்ற விலையுயர்ந்த பொருள்களை வாங்குவோர் மகிழுந்தில் வர விரும்புவர் என்பதால் இவ்வச்சத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. மறுபுறம், அகன்ற நடைபாதையில் மெதுவாக நடப்பவர் கடைகளை நின்று பார்க்கிறார். வேகமாகக் கடக்கும் வண்டியில் இருப்பவர் பார்ப்பதில்லை.

குடியிருப்போர்: முதன்மைச் சாலையிலிருந்து நீக்கப்பட்ட வண்டிகள் தம் வீட்டு வாயிலில் வந்து நிற்பதாகக் குறுக்குத் தெருக்களில் வாழ்வோர் குறை கூறுவது வழக்கம். குடியிருப்போருக்கு அனுமதி அட்டை, பிறருக்குக் கட்டணம் என்னும் முறை இதற்கு ஒரு தீர்வாகப் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

தெரு வணிகர்: பாண்டி பஜார் நடைபாதை வணிகர்கள் நீதிமன்ற ஆணைகளை அடுத்து, 2013-இல் அதே சாலையில் கட்டப்பட்ட பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். மாடியேறிச் சென்று வளையலோ கைக்குட்டையோ வாங்க மக்கள் விரும்புவதில்லை. தெரு வணிகம் வழிப்போக்கரை நம்பியது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வணிக ஒழுங்குமுறை) சட்டம், நகர விற்பனைக் குழுவில் தெரு வணிகரின் பங்கு குறைந்தது 40 விழுக்காடாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மகிழுந்து நிற்கும் 12.5 சதுர மீட்டரில் மூன்று, நான்கு தெருக்கடைகள் நடத்தலாம். நடைபாதையைத் தூய்மையாக்கும் பணி, வண்டிகளுக்கு இடம் தேடித்தந்துவிட்டு, வணிகரை மட்டும் அப்புறப்படுத்துவதாக முடிந்தால், அது நடுநிலையான வடிவமைப்பு ஆகாது என்பது இத்தரப்பின் வாதம்.

மாற்றுத்திறனாளிகளும் முதியோரும்: தடையற்ற, சமமான நடைபாதையால் அதிகம் பயன்பெறுபவர் இவர்களே. இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, நடக்கும் பகுதி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. அதே வேளையில், நடக்க இயலாதோரைக் கடைக்கு அருகில் இறக்கிவிடவும், அவர்தம் வண்டியை நிறுத்தவும் ஒதுக்கிடம் தேவை. வாகன நிறுத்தத்தைக் குறைக்கும் திட்டத்தில் இவ்விடங்களைக் குறைக்காமல் காப்பது இன்றியமையாதது.

சுமை வண்டி ஓட்டுநர்: கடைகளுக்குச் சரக்கு வந்தாக வேண்டும். இதற்கென நேரமும் இடமும் குறிக்கப்படாவிட்டால், சரக்கு வண்டிகள் ஓடுபாதையிலேயே நின்று ஒடுங்கிய சாலையை அடைத்துவிடும்.

பிற நகரங்களின் அனுபவம்

வாகன நிறுத்தமானி முதன்முதலில் 1935 சூலையில் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் நிறுவப்பட்டது. நாள் முழுதும் நகராத வண்டிகளால் வணிகம் பாதிக்கப்பட்டதே இதற்குக் காரணம். கலிபோர்னியாவின் பழைய பாசடீனா பகுதியில் 1993-இல் நிறுத்தமானிகள் வைக்கப்பட்டபோது, கிடைக்கும் வருவாய் அப்பகுதித் தெருக்களுக்கே செலவிடப்படும் என்னும் உறுதியின்பேரில் வணிகர் இணங்கினர். நடைபாதைகளும் விளக்குகளும் மரங்களும் அப்பணத்தில் சீர்செய்யப்பட்டன. கட்டணம் எங்குச் செல்கிறது என்பது தெரிந்தால் எதிர்ப்புத் தணியும் என்பதற்கு இது பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரம் 1996-இல் நடுப்பகுதியின் நிறுத்த இடங்களின் மொத்த எண்ணிக்கையை 1990-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்திவைத்தது. நிலத்தடியில் புதிய இடம் ஒன்று கட்டப்பட்டால், தெருவில் ஓர் இடம் நீக்கப்பட வேண்டும். சப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்று காட்டினால்தான் மகிழுந்தைப் பதிவு செய்ய இயலும்.

பெங்களூருவின் சர்ச்சு தெரு 2018-இல் கல் பாவப்பட்டு மறுவடிவமைக்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் சில மாதங்களுக்கு வார இறுதி நாட்களில் அத்தெருவில் வாகனங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, நடப்போருக்கு மட்டும் திறந்துவிடப்பட்டது. நிரந்தரக் கட்டுமானம் இல்லாமலே நாளையும் நேரத்தையும் பங்கிட்டுத் தெருவின் பயன்பாட்டை மாற்றலாம் என்பதை இது காட்டுகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குப் பொருத்தம்

தியாகராய நகரில் பெரும் பொருட்செலவில் தீர்க்க முயலப்படும் சிக்கல், வளர்ந்துவரும் தொழில் நகரங்களில் தொடக்க நிலையில் உள்ளது. கர்நாடக எல்லையில் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டைகளால் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. தேசிய நெடுஞ்சாலை 44 நகரை ஊடறுத்துச் செல்கிறது. தொழிற்சாலைப் பேருந்துகள், எல்லை கடக்கும் லாரிகள், தொழிலாளர்களின் இரு சக்கர வாகனங்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒரே சாலை விளிம்புக்குப் போட்டியிடுகின்றன. ஆகவே மகிழுந்தை மட்டும் கருதிக் கட்டப்படும் அடுக்கு நிறுத்தகம் இந்நகரின் தேவைக்கு முழு விடையாகாது. இரு சக்கர வாகனங்களுக்குக் குறிக்கப்பட்ட இடம், லாரிகளுக்கு நகருக்கு வெளியே நிறுத்தம், தொழிற்சாலைப் பேருந்துகள் நின்று ஆள் ஏற்றும் தனி விரிவு ஆகியவை குறைந்த செலவில் கூடுதல் பயன் தரக்கூடியவை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள பாரூர், போச்சம்பள்ளி போன்ற ஊர்களில் நிலை வேறு. போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் வாரச்சந்தை சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றது. வாரத்தில் ஒருநாள் சந்தையாகவும் பிற நாட்களில் வேறு பயன்பாட்டிலும் இருக்கும் வெளி, நேரப் பங்கீட்டின் மரபான வடிவமாகும். இத்தகைய ஊர்களில் சாலையை அகலப்படுத்தும்போது நடைபாதைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் கடைகளுக்கும் உரிய இடத்தை முதலிலேயே குறித்துவைத்தால், பின்னாளில் அதை மீட்கக் கோடிகள் செலவிட வேண்டியதில்லை. சாலையோரத்தில் ஒருமுறை வழக்கமாகிவிட்ட இலவச நிறுத்தம், காலப்போக்கில் உரிமையாகக் கருதப்படும். அதைத் திரும்பப் பெறுவது, முதலிலேயே தராமல் இருப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.